அரளின்னு ஒரு விறகு

மசக்கை வந்த பொம்பளைக்கு மாங்காய் வேணும், சாம்பல் வேணும், அடுப்பு மண்ணு வேணும்னு கேள்விப்பட்டிருக்கேன். என் பொஞ்சாதி கேட்டது பொகக்கறி. குடகுல அவ பொறந்த காப்பித் தோட்டத்து லைன் வீட்டுல, அடுப்புக்கு மேல கம்புல கோத்துத் தொங்கவிட்டு, நாள் கணக்காப் பொகை குடிச்சுக் கறுத்துப்போன பன்னிக்கறி. ஓசூர்ல நான் எங்க போவேன் அதுக்கு?

அம்பதுகள்ல நடந்த சங்கதி இது. நாங்க ஓசூருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகல. நான் அரூர்ப் பக்கத்து ஆளு. மெட்ராஸ் ரோட்டுக்குத் தார் போடற கேங்குல ஸ்டோர் பாத்துக்கற வேலை. சூளகிரியில இருந்து ஓசூர் வரைக்கும் எங்க பீப்பாயும் ஜல்லியும் ரோட்டோரமாக் கெடக்கும். அவளோட தாய்தகப்பனும் எங்க பக்கத்து வேதக்காரங்கதான், எங்களை மாதிரி சேசுவைக் கும்பிடறவங்க. பஞ்சத்துல குடகுக்குப் பொழைக்கப் போனவங்க. அவ அங்கயே பொறந்து அங்கயே வளந்தவ. கோவம் வந்தா தமிழ்ல ஆரம்பிச்சு கன்னடத்துல போய் முடிப்பா. "திட்டறதை ஒரே பாஷையில திட்டுடி, பாதிதான் புரியுது"ம்பேன். "புரியாத பாதிதான் உங்களுக்கு"ம்பா. கல்யாணமான புதுசுல அந்தப் பாதிக்காகவே அவளைச் சீண்டுவேன்.

மொதல் கரு மூணாம் மாசத்துல கலைஞ்சுபோச்சு. இது ரெண்டாவது. ரெண்டு மாசம் தாண்டினதுல இருந்து அவ வயித்துல எதுவும் நிக்கல. களி கிண்டினா வாசனைக்கே எந்திரிச்சு ஓடுவா. கஞ்சி குடிச்சா குடிச்ச சூட்டோட வெளிய வரும். கையில போட்ட வளையல் முழங்கை வரைக்கும் ஏறுச்சு. ஆஸ்பத்திரி நர்சம்மா மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாங்க: "எது நிக்குதோ அதைக் குடுப்பா. இவ சாப்பிடலைன்னா இந்தப் புள்ளையும் நிக்காது."

அன்னிக்கு சாயங்காலம்தான் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துகிட்டு அவ சொன்னா. "என்னங்க, பொகக்கறிய நெனச்சா மட்டும் கொமட்டல. நாக்குல தண்ணி ஊறுது." சொல்லிட்டு அழுதா. என்னமோ கேக்கக்கூடாததைக் கேட்டுட்ட மாதிரி.

எங்க வாடகை வீட்டுக்குள்ள பன்னிக்கறி தொங்கவிட்டா, வீட்டுக்காரரு மறுநாளே சட்டிபானைய வெளிய எறிவாரு. ஆனா கூப்பிடு தூரத்துல எங்க ஸ்டோர் கொட்டாய் இருந்துச்சு. அதுக்குப் பின்னால காலித் தார் பீப்பாய் குமிஞ்சு கெடந்துச்சு. 'இதுல ஒண்ணை எடுத்துக் கழுவி, கீழ நெருப்பு, மேல கறி. அவ்வளவுதானே'ன்னு நெனச்சேன். ஆழம் தெரியாம காலை விடறதுல நான் கெட்டிக்காரன்.

பீப்பாய்க்குள்ள வெறக அடுக்கிக் கொளுத்தினேன், ஒருதரம் இல்ல, மூணுதரம். மணலும் செங்கல்தூளும் போட்டு கை தோல் உரியத் தேச்சேன். கண்ணுக்கு ஒரு பொட்டு தார் தெரியல. சரி, கறியில கை வெக்கறதுக்கு முன்ன சோதிச்சுப் பாக்கலாம்னு ஒரு சக்கரவள்ளிக் கெழங்கை உள்ள தொங்கவிட்டுப் பொகை போட்டேன். எடுத்து மோந்தா, ரோடு போடற எடத்துல நிக்கற மாதிரியே இருந்துச்சு. கேங்கைச் சுத்தற நாய்க்குப் போட்டேன். அது மோந்துட்டு என்னை ஏற எறங்கப் பாத்துட்டுப் போயிருச்சு. தகரப் பொட்டி செய்யலாம்னா, எங்க பட்டறைக்காரரு தலையில அடிச்சுகிட்டாரு. "யோவ், தகரத்து மேல துத்தநாகம் பூசியிருக்கான். சூடேறினா அந்தப் பொகையே ஆளுக்கு ஜுரம் குடுக்கும். மாசமா இருக்கறவளுக்கா குடுக்கப்போற?" அதோட இரும்பு ஆசையே விட்டுப்போச்சு.

கடைசியில கைகுடுத்தது ஒரு ஒடைஞ்ச குதிர். கேழ்வரகு கொட்டி வெக்கற ஆளுயர மண்குதிர், அடியில வெடிப்பு விட்டதால யாரோ வேலியோரமாப் போட்டிருந்தாங்க. கேட்டதும் "எடுத்துத் தொலை"ன்னுட்டாங்க. கொட்டாய்க்குப் பின்னால நெருப்புக்குழி ஒரு பக்கம், குதிர் ஒரு பக்கம். நடுவுல பத்தடிக்குப் பள்ளம் வெட்டி, மேல பலகைக்கல்லு மூடி, மண்ணு பூசினேன். நெருப்பு கறிக்குப் பக்கத்துலயே வரக்கூடாது, பொகை மட்டும் ஆறிப்போய் வரணும்னு அவ படுத்த எடத்துல இருந்து எனக்குப் பாடம் எடுத்தா. "கையை உள்ள விட்டா சுடக்கூடாது. வெளிய மட்டும் வெந்து உள்ள ஈரம் நின்னா புழு வெச்சிரும்." கம்பி வேண்டாம்னு மூங்கில் குச்சி சீவிக் குறுக்கே வெச்சேன். கறிய விரல் கனத்துக்கு வார்வாரா அறுத்து, கல்லுப்பைப் பூசி, கனமான கல்லு வெச்சு ஒரு ராத்திரி தண்ணிய வடியவிட்டேன். பொகக்கறின்னாலும் அப்படியே கடிக்கப்படாது, பன்னிக்கறி, நல்லா வறுத்துதான் திங்கணும்னு அவகிட்ட சத்தியமே வாங்கினேன். இத்தனை பாத்தவன் நான். இத்தனையும் பாத்தேன்!

வெறகுதான் பாக்கி. "புளியங்கட்டை வேண்டாம், வேம்பு வேண்டவே வேண்டாம், கசந்துரும்"னு சொல்லியிருந்தா. காப்பிக் கட்டைக்கு நான் குடகுக்கா போக முடியும்? பாகலூர்ல இருந்து வெறகு வண்டி ஓட்டிகிட்டு ஒருத்தர் வருவாரு, கன்னடக்காரரு, தமிழும் தட்டுத்தடுமாறிப் பேசுவாரு. "கசக்காத வெறகா குடுங்க"ன்னேன். ஒரு மாதிரி சிரிச்சுகிட்டு, பட்டை உரிச்சுப் பொளந்த காஞ்ச கட்டையா கொஞ்சம் எறக்கிவிட்டாரு. வெலையும் பாதிதான் கேட்டாரு. நமக்கு அதிர்ஷ்டம்னு நெனச்சுகிட்டேன்.

மார்கழிக் குளுரு. மூணு நாள் பொகை விட்டேன். வேலைக்கு நடுவுல ஓடி ஓடி வந்து சிராய் போடுவேன், நெருப்பு மேல எழாம தவிடு தூவுவேன். மூணாம் நாள் மதியம் மூடியத் தொறந்தா, அடேயப்பா! கறி தேக்கு நெறத்துல காஞ்சு தொங்குது. ஒரு வாரை எடுத்துகிட்டு வீட்டுக்கு ஓடினேன். அவ மோந்து பாத்தா. கண்ணை மூடிகிட்டா. "எங்க அம்மா வீட்டு வாசனை"ன்னா. ஒரு மாசமா அடுப்புப் பக்கம் போகாதவ, தானே எந்திரிச்சுப் போய் வாணலிய வெச்சு, மெளகு தட்டிப் போட்டு நல்லா மொறுமொறுன்னு வறுத்தா. சாப்பிட்டா. நான் எதிர்க்கவே உக்காந்து ஒவ்வொரு வாயையும் எண்ணாத குறையா பாத்துகிட்டிருந்தேன். ஒரு நாழி ஆச்சு, ரெண்டு நாழி ஆச்சு, வாந்தி வரல. "இன்னும் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க"ன்னா. அந்த மூஞ்சிய இப்பவும் என்னால மறக்க முடியல.

கறி எடுக்கக் கொட்டாய்க்கு வந்தா, வெறகு வண்டி நிக்குது. எனக்கு இருந்த சந்தோஷத்துல, "அண்ணா, இன்னும் ஒரு வண்டி அதே கட்டை வேணும், என்ன மரம் அது?"ன்னேன்.

"அதுவா? அரளி"ன்னாரு.

"என்னது?"

"அரளி சௌதே, அரளி வெறகு. நம்ம ஊர்ல யாரும் வாங்கமாட்டாங்க. ஒலேகே ஹாகல்ல." அடுப்புல வெக்கமாட்டாங்கன்னு கையாலயும் காட்டினாரு. "நீங்க வெப்பீங்கன்னு குடுத்தேன்."

அரளி! எங்க ஊர்ல அரளிக் குச்சியில பல்லுகூட வெளக்கவிடமாட்டாங்க. அரளி வெதைய அரைச்சுக் குடிச்சுச் செத்தவங்களை நான் பாத்திருக்கேன். அதோட பொகைய மூணு நாள் கறிக்கு ஊட்டி, வயித்துல புள்ளையோட இருக்கறவளுக்கு என் கையாலயே குடுத்திருக்கேன். அரளி என்ன, தொடைக் கனத்துக்கா வளரும்? கட்டையப் பாத்தவன்தானே நான்! யோசிக்கத் தோணல. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு.

ஓடினேன். அவ தட்டுல மிச்சம் வெச்சிருந்ததை வாய்க்குக் கொண்டுபோற நேரம். கையைத் தட்டிவிட்டேன். சொம்புத் தண்ணியில கைநிறைய உப்பள்ளிப் போட்டுக் கலக்கினேன். "குடி." "எதுக்குங்க?" "குடின்னா குடிடி!" அவ தலையைத் திருப்பினா. நான் தாடையைப் பிடிச்சு ஊத்தினேன். குடல் வெளிய வர்ற மாதிரி எல்லாத்தையும் வாந்தி எடுத்தா. ஒரு மாசத்துல மொதமொதலா நின்ன சோத்தை நானே வெளிய எடுத்தேன்.

அரளின்னு சொல்ல எனக்கு வாய் வரல. அந்த வார்த்தையைக் கேட்டாலே பயத்துல கரு கலைஞ்சிரும்னு பயந்தேன். "கறி கெட்டுப்போச்சு"ன்னேன். "கெட்ட கறி எனக்குத் தெரியாதா?"ன்னு கேட்டா. "தார் நாத்தம் அடிக்குது"ன்னேன். "மண்குதிருக்குள்ள தார் எங்க இருந்து வந்துச்சு?" நான் கொட்டாய்க்குப் போய், மிச்சக் கறிய எல்லாம் குழியில போட்டு, நாய் தோண்டாம இருக்க மேல சீமெண்ணெய் ஊத்திப் பொதைச்சேன். திரும்பி வந்து அவ பக்கத்துல உக்காந்து நாடியப் பிடிச்சுப் பாத்தேன். அவ கையை இழுத்துகிட்டா. அவளுக்கு ஒண்ணும் ஆகல. ஆனா அன்னையில இருந்து நான் குடுக்கற தண்ணியக்கூட அவ குடிக்கல. தானே மொண்டு குடிச்சா.

ஒரு வாரத்துல அவங்க அப்பா வந்து நின்னாரு. யாரு சொல்லியனுப்பினாங்கன்னு எனக்குத் தெரியல. "அவ அம்மாகிட்ட இருக்கட்டும் மாப்பிள்ள, வாய்க்கு ருசியா எதாவது திம்பா"ன்னாரு. பெங்களூர் பஸ்ஸுல ஏத்திவிட்டேன். ஜன்னலோரமா உக்காந்திருந்தா. திரும்பிப் பாக்கல.

அடுத்த வாரம் வெறகு வண்டிக்காரரு வந்தாரு. நான் இருந்த கோவத்துக்கு அவரு சட்டையப் பிடிச்சுட்டேன். "வெஷக் கட்டையக் குடுத்து என் குடியக் கெடுக்கப் பாத்தியா?" அந்த மனுஷன் கையெடுத்துக் கும்பிட்டுட்டாரு. "வெஷமா? சிவசிவா! அரளி தேவரு மரம்! காத்துல விழுந்த கெளை. சாமி மரத்தை நம்ம ஜனங்க அடுப்புல வெக்கமாட்டாங்க. நீங்க சர்ச்சுக்குப் போறவங்கதானேன்னு..." கையைப் பிடிச்சு இழுத்துகிட்டுப் போய்க் காட்டினாரு. ரோட்டோரத்துல, மேடை கட்டின அரசமரம். கன்னடத்துல அரசமரத்துக்குப் பேரு அரளி. குடகுல வளந்த அவகிட்ட அந்த ஒரு வார்த்தையச் சொல்லியிருந்தா, நின்ன எடத்துலயே சிரிச்சிருப்பா. அந்த மரத்தடியில உக்காந்து, போறவன் வர்றவன் பாக்க நான் அழுதேன்.

கடுதாசியில எப்படி எழுதறது? அவளுக்குப் படிக்கத் தெரியாது. மாமனாருதான் உரக்கப் படிப்பாரு. 'நலம், நலமறிய ஆவல்'னு எழுதுவேன். 'இங்கு அனைவரும் நலம்'னு அவரு எழுதுவாரு. அவ சொன்னதா ஒரு வரி வராது. லீவு கேட்டா, மழைக்கு முன்ன ரோடு முடியணும்னு தள்ளிகிட்டே போனாங்க. வேலை விட்டதும் பஸ் நிக்கற எடத்துக்குப் போய், பெங்களூர்ல இருந்து வர்ற ஒவ்வொரு வண்டியிலயும் எறங்கறவங்களைப் பாத்துகிட்டு நிப்பேன். அவ வரமாட்டான்னு தெரியும். இருந்தாலும் நிப்பேன். தெருவுல எவளாவது கன்னடத்துல யாரையாவது ஏசினா காது அங்கயே போயிரும். அந்தப் புரியாத பாதி எனக்கு வேணும்போல இருந்துச்சு. ராசாத்தி, வந்து திட்டிட்டாவது போயேன்னு வெறும் வீட்டுல வாய்விட்டுச் சொல்லியிருக்கேன்.

அவ போன ஏழாம் மாசம் அந்தக் கடுதாசி வந்துச்சு: பொம்பளப் புள்ள, தாயும் சேயும் சுகம். வேலை போனாலும் போகட்டும்னு கெளம்பிட்டேன். மைசூரு வரைக்கும் ரயிலு, அங்க இருந்து பஸ்ஸு, அப்புறம் மழையில நடை.

அவ லைன் வீட்டுக்குள்ள பாயில உக்காந்திருந்தா. உடம்பு தேறியிருந்துச்சு. என்னைப் பாத்ததும் புள்ளைய அந்தப் பக்கமா மாத்தி வெச்சுகிட்டா. கையை நீட்டினேன், குடுக்கல. மாமியாரு காப்பி போடப் பின்கட்டுக்குப் போற வரைக்கும் காத்திருந்தா. அப்புறம் கொரலைத் தாழ்த்திக் கேட்டா.

"அன்னிக்கு அந்தத் தண்ணியில என்ன கலந்து ஊத்தினீங்க?"

"உப்பு, புள்ள."

"உப்பு மட்டுமா?"

அப்பத்தான் எனக்கு மண்டையில ஒறைச்சது. சேசுவே! வெறகு வண்டி, அரளி, நான் ஓடி வந்தது, எல்லாத்தையும் ஒண்ணுவிடாம கொட்டினேன். அரளின்னதும் அவ வாயைப் பொளந்தா. "அரளின்னா அரசமரங்க"ன்னா. சிரிக்கல.

"புள்ள உண்டாயிருக்கேன்னு சொன்னப்போ நீங்க வாயே தொறக்கல"ன்னா. "இது வேண்டாம்னு என்னமோ குடுத்துட்டீங்கன்னு நெனச்சேன். அதான் அப்பாவுக்கு நானே ஆள் விட்டேன். தெனமும் வயித்து மேல கையை வெச்சு, அசையுதா, அசையுதான்னு பாத்துகிட்டே கெடந்தேன்."

"மொதல் தடவ மாதிரி ஆயிருமோன்னு பயத்துல வாய் வரலடி. உன் மேல ஆணையா"ன்னேன். அழுகையில பாதி வார்த்தை வெளியவே வரல.

அவ எந்திரிச்சுப் போனா. ஒரு சொம்புல தண்ணியும் ஒரு கைப்பிடி கல்லுப்பும் கொண்டாந்து என் முன்னால வெச்சா. "கரைங்க"ன்னா. அன்னிக்குக் கரைச்ச மாதிரியே கரைச்சுக் குடுத்தேன். ஒரு வாய் எடுத்தா. முழுங்காம நாக்குல வெச்சுகிட்டு என்னையே பாத்துகிட்டிருந்தா. அப்புறம் முழுங்கினா.

"இதேதான்"னா. புள்ளையத் தூக்கி என் மடியில வெச்சா.