கீழ்ப்படிக்குப் போங்கள்

ஜெனீவா ஏரிக்கு மேலே படிப்படியாக ஏறும் திராட்சைச் சரிவுகளை எனக்குப் பிடிக்காது. அங்கே பன்னிரண்டு வருடம் வேலை செய்தவன் சொல்கிறேன். தங்கள் திராட்சைக்கு மூன்று சூரியன்கள் என்று அந்த ஊரார் பெருமையடிப்பார்கள்: வானத்தில் ஒன்று, ஏரித் தண்ணீரில் ஒன்று, கல் மதில்களின் சூட்டில் ஒன்று. மூன்றும் வேலையாட்களின் முதுகில்தான் முதலில் விழும். அதை யாரும் சொல்வதில்லை.

நானும் மனைவியும் ஃப்ரிபூர்க்கிலிருந்து காலை ரயிலில் போவோம். முதலாளி ஐம்பது வயதுப் பெண். அந்தத் தோட்டத்தில் ஐந்தாம் தலைமுறை. கெட்ட வார்த்தை பேசமாட்டாள். நல்ல வார்த்தையும் பேசமாட்டாள். என் பெயரை ஒருநாளும் முழுதாகச் சொன்னதில்லை.

ஒரு வசந்தத்தில் மழை அடித்து மதிலில் ஒரு பாகம் சரிந்தது. நாங்கள் இருவரும் மூன்று கிழமை கல் சுமந்து அதை எழுப்பினோம். ஒரு கல் விழுந்து என் இடது பெருவிரல் நகம் போனது. இன்றைக்கும் அது கோணலாகத்தான் வளர்கிறது.

அந்த வருட அறுவடையின்போது ஒரு புகைப்படக்காரர் வந்தார். அந்த மலைச்சரிவின் பாரம்பரியத்தைப் பற்றி யாரோ புத்தகம் போடுகிறார்களாம். முதலாளி கணவனோடும் பிள்ளைகளோடும் வெளுத்த உடுப்பில் வந்து, நாங்கள் எழுப்பிய மதிலடியில் நின்றாள். நாங்கள் பக்கத்தில் குலை வெட்டிக்கொண்டிருந்தோம்.

"நீங்கள் இருவரும் கீழ்ப்படிக்குப் போங்கள். இது குடும்பப் படம்" என்றாள் பிரெஞ்சில்.

"ஏன், நாங்கள் நிண்டா முந்திரிகைப்பழம் புளிச்சுப்போடுமோ?" என்றாள் மனைவி என்னிடம். திராட்சையை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்.

"விடப்பா, வா."

இறங்கினோம். முதலாளியின் கைகள் வெறுமையாக இருப்பதாகப் புகைப்படக்காரர் சொன்னார் போலிருக்கிறது. அவள் இறங்கி வந்து, கேளாமலே மனைவியின் கையிலிருந்த கத்தரிக்கோலைப் பிடுங்கிக்கொண்டு போனாள். மனைவியின் கை விரித்தபடியே நின்றது.

"அழகான மதில்" என்றார் புகைப்படக்காரர்.

"எங்கள் குடும்பம் கட்டியது. வேறு கை இதில் பட்டதே இல்லை" என்றாள் அவள், கல்லைத் தடவியபடி.

நான் மேலே ஏறினேன். என் பிரெஞ்சு ஓட்டைப் பிரெஞ்சு. ஆனாலும் அன்றைக்கு அது போதுமாக இருந்தது.

"நீங்கள் தொடுகிற அந்தக் கல்லை வைத்தது நான். கத்தரிக்கோலைத் தாருங்கள். அது என் மனைவியுடையது."

"இது அதற்கான நேரமில்லை."

நான் கையை நீட்டியபடி நின்றேன். கணவன் இடையில் வந்து என் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான்.

"கையை எடடா" என்றேன் தமிழில். அவனுக்கு விளங்கியது. எடுத்தான்.

அவள் கத்தரிக்கோலை என் காலடியில் எறிந்தாள். "நாளைக்கு வரவேண்டாம்."

நான் அதைப் பொறுக்கிக்கொண்டு மனைவியோடு படிகளில் இறங்கினேன். ரயில் மேடையில் மனைவி சொன்னாள். "அந்த மதிலுக்கும் ஒரு உதை குடுத்திருக்கலாம் நீங்கள்."

"விழாதப்பா. நல்லாக் கட்டிப்போட்டன்."

எங்கள் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

இரண்டாம் நாள் முதலாளியின் அழைப்பு வந்தது. மழை வரப்போகிறதாம், பழம் முழுதும் கொடியிலேயே நிற்கிறதாம், உடனே வரட்டாம். மன்னிப்பு என்ற சொல் அதில் எங்கும் இல்லை. நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். அன்று மத்தியானம் மழை கொட்டியது. ஜன்னலடியில் நின்று பார்த்தேன். எனக்குத் துளிகூடப் பாவமாக இருக்கவில்லை.