கிளட்ச் பழக மூளைக்கு மின்சாரம்

கார் ஓட்டக் கற்றுக்கொள்வதற்காக மண்டையில் மின்சாரம் பாய்ச்சிக்கொண்டவன் நான். யாரும் வற்புறுத்தவில்லை. இணையத்தில் நானே ஆர்டர் போட்டேன்.

வேலைக்காக ஜெர்மனி போன மகன், தாம்பரம் வீட்டில் தன் காரை விட்டுப் போயிருந்தான். எனக்கும் மனைவிக்கும் ஓட்டத் தெரியாது. அவள் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "எல்.எல்.ஆர். போட்டு, அது முடியறதுக்குள்ள லைசென்ஸ் வாங்குங்க. இல்லன்னா வண்டி என் தம்பிக்கு."

மைத்துனன் அதற்குள் சீட் கவர் விசாரித்துவிட்டதாகத் தகவல். கார் போனால்கூடத் தாங்குவேன். அதில் என்னை ஏற்றிக்கொண்டு போய், "ஏசி போதுமா மாமா?" என்று அவன் கேட்பதைத் தாங்க முடியாது.

ஐம்பத்து மூன்று வயதில், ஆறு மாதப் பழகுநர் உரிமமான எல்.எல்.ஆரை எடுத்துக்கொண்டு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். மாஸ்டர் என் இடது காலைப் பார்த்தே நொந்துபோனார். "இன்னா சார், கிளட்ச்சை மெதுவா வுடுன்னா, கரப்பான்பூச்சிய பாத்த மாதிரி காலைத் தூக்கினு கீற?"

பழி காலின்மேல் இல்லை, மூளையின்மேல்தான் என்று எனக்குத் தோன்றியது. வயதாக ஆக, புதிய பழக்கத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் சக்தி மூளைக்குக் குறைகிறது என்று படித்திருந்தேன். கத்தி வைக்காமல், தலைக்கு வெளியிலிருந்தே மெல்லிய மின்சாரம் செலுத்தி அதைத் தட்டி எழுப்ப முடியுமா என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்றும் படித்தேன். 'முடியுமா', 'ஆராய்ந்துகொண்டு' ஆகிய இரண்டு சொற்களையும் என் மூளை வசதியாகத் தாண்டிப் போய்விட்டது.

கருவி வந்தது. ஒரு தலைப்பட்டை, உப்புத் தண்ணீரில் நனைத்து வைக்க இரண்டு பஞ்சுகள். தினமும் காலையில் குளித்து, பள்ளிக்கூடக் காலத்து வழக்கப்படி தேங்காய் எண்ணெயைத் தலையில் வழிய வழியத் தேய்த்து, படிய வாரி, பட்டையை மாட்டிக்கொண்டு பால்கனியில் உட்காருவேன். சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரியும். எங்கள் வீட்டு கீசர், இஸ்திரிப்பெட்டி எல்லாவற்றிலும் சிவப்பு எரிந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். எனக்குப் பரம திருப்தி.

ஆச்சரியம், கால் படிய ஆரம்பித்தது. வண்டி குதிப்பது குறைந்தது. பெருங்களத்தூர் நெரிசலில் ஒருமுறைகூட இன்ஜின் அணையாமல் வந்த அன்று மாஸ்டர், "தேறிட்ட சார்!" என்றார். எல்.எல்.ஆர். முடிவதற்கு முந்தைய வாரம் தேர்விலும் பாஸானேன்.

வெற்றியை யாரிடமாவது சொல்லியாக வேண்டுமே. மேல் வீட்டில் நரம்பியல் டாக்டரம்மா ஒருவர் இருக்கிறார். பட்டையோடு போய் நின்றேன்.

"யாரையும் கேக்காம இதைத் தலையில மாட்டிப்பீங்களா?" என்று முதலில் திட்டினார். பிறகு, "விளக்கு என்ன கலர்ல எரிஞ்சுது?" என்றார்.

"சிவப்பு. தினமும், தவறாம."

என் தலையை உற்றுப் பார்த்தார். "சார், பச்சை எரிஞ்சாத்தான் கரண்ட் போகுது. சிவப்புன்னா தோல்ல சரியா படலைன்னு அர்த்தம். இவ்வளவு எண்ணெய்க்கு எப்படிப் படும்? ஒரு பொட்டு கரண்ட்கூட உள்ள போயிருக்காது."

"அப்போ நான் எப்படிக் கத்துக்கிட்டேன்?"

"தினமும் ஓட்டிப் பழகினீங்க. வயசானா மூளை மெதுவா மாறும், மாறாமப் போயிடாது. கரண்ட் வெச்சாலும் ஒருத்தருக்குக் கேக்கும், ஒருத்தருக்குக் கேக்காது. பழக்கம்தான் முக்கியம்."

படியிறங்கும்போது எனக்குத் தலைகால் புரியவில்லை. மின்சாரமே இல்லாமல் என் சொந்த மூளை, இந்த வயதில், தன்னந்தனியாக கிளட்ச்சைக் கற்றிருக்கிறது! மனைவியிடம் லைசென்ஸ் விஷயத்தையும் மூளை விஷயத்தையும் சேர்த்தே சொன்னேன். இனிமேல் வண்டி நமக்குத்தானே என்றும் உறுதி கேட்டேன்.

"நமக்குத்தான், சந்தேகமே இல்லை" என்றாள். "நாளைக்கு மாமல்லபுரம் கல்யாணத்துக்கு ஓட்டறதுக்கு மட்டும் தம்பியை வரச் சொல்லியிருக்கேன். முகூர்த்தத்துக்கு முன்னாடி போய்ச் சேரணுமில்ல?"