அவரவர் டப்பா, அவரவர் இடம்

1. நெய்மீன்

"சார், எம் பிள்ளைக்கு நான் பொரிச்சுக் குடுத்து விடுத நெய்மீன எவளோ திங்கா. எம் பிள்ளை எவளோ உருட்டுன சம்மந்தியத் தின்னுட்டு வாறா. இதுக்கா நான் வெளுப்புக்கு நாலு மணிக்கு எந்திக்கேன்?"

ஆறாம் வகுப்பு ஷைனியின் அம்மா இதைக் கேட்டபோது அவர் கையில் மகளின் சாப்பாட்டு டப்பா திறந்திருந்தது. ஓரத்தில் சிவப்பாகக் கொஞ்சம் தேங்காய் ஒட்டியிருந்தது. சுட்ட தேங்காய், வற்றல் மிளகாய், சின்ன உள்ளி, புளி வைத்துத் தண்ணீர் விடாமல் அரைத்து உருட்டுவதை எங்கள் பக்கத்தில் சம்மந்தி என்போம்.

நாகர்கோவிலில் ஓர் உதவிபெறும் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, இரணியல் பக்கத்தில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளிக்குப் பிரின்சிபாலாகப் போயிருந்தேன். பாதிப் பிள்ளைகளின் அப்பாமார் கல்ஃபில் இருந்தார்கள். வேனில் வந்து இறங்கும் பிள்ளைகளைப் பார்த்தால் இந்த மாவட்டத்தில் இல்லாமை என்று ஒன்று இருப்பதாகவே தோன்றாது. தனியார் பள்ளியானதால் சத்துணவு கிடையாது. அது தேவைப்படும் பிள்ளை எங்களிடம் இல்லை என்று நான் நம்பினேன்.

"யாரு வீட்டு சம்மந்தி அது?" என்று கேட்டேன்.

"அது தெரிஞ்சா நான் இஞ்ச எதுக்கு வாறேன்? கேட்டா சொல்ல மாட்டேங்கா. 'நல்லா இரிக்கும் மம்மி, நீங்களும் அதுபோல அரைங்க'ன்னு எனக்கே பாடம் எடுக்கா சார்!"

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். கொரோனா முடிந்து பள்ளி திறந்து அதிக நாள் ஆகவில்லை. உணவைப் பகிரக் கூடாது என்று அப்போது போட்ட விதி ஒன்று உண்டு. பிள்ளைகள் அதை எப்போதோ மறந்திருந்தார்கள்.

"நான் பாத்துக்கிடுதேன்மா" என்றேன்.

மறுநாள் அசெம்பிளியில் விதியைப் புதுப்பித்தேன். 'ஓன் பாக்ஸ், ஓன் பிளேஸ்.' அவரவர் டப்பா, அவரவர் இடம். வாசகம் என்னுடையது. நன்றாக அமைந்துவிட்டது என்று ஸ்டாஃப் ரூமில் சொல்லிப் பெருமைப்பட்டதும் நான்தான்.

2. அமைதி

அதுவரை சாப்பாட்டு ஷெட்டில் பிள்ளைகள் வட்டமாக உட்காருவார்கள். டப்பா மூடிகளைத் தரையில் பரப்பி, ஒவ்வொருத்தியும் தன்னுடையதில் கொஞ்சம் எல்லா மூடியிலும் வைப்பாள். 'வெளம்புதது' என்று அதற்குப் பெயர். "எனக்கு வெளம்பல்ல", "ஏட்டி, நீ ரெண்டு தடவ எடுத்தே" என்று ஒரே இரைச்சலாக இருக்கும். நான் வரிசையாக உட்காரச் சொன்னேன். இருவருக்கு நடுவில் ஒரு பை வைக்கும் இடைவெளி. ஷெட் அமைதியானது. ஒழுங்கு வந்துவிட்டது என்று நினைத்தேன்.

தினமும் ரவுண்ட்ஸ் போவேன். வரிசை நெடுக "சாப்டாச்சா? சாப்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டே நடப்பேன். "ஆச்சு சார்" என்று பிள்ளைகள் சொல்வார்கள். ஷைனியின் வகுப்பில் அஜிஷா என்று ஒரு பிள்ளை. ஒல்லி, இரட்டைப் பின்னல், நல்ல கையெழுத்து. அவள்தான் எப்போதும் முதலில் முடிப்பாள். மூடியை நிமிர்த்தி மறைப்பு போல வைத்துக்கொண்டு, தலை குனிந்து தின்றுவிட்டுக் குழாயடிக்கு ஓடுவாள். நிறையத் தண்ணீர் குடிப்பாள். டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுவாள்.

ஒரு திங்கட்கிழமை அசெம்பிளியில் அவளை முன்னால் அழைத்தேன். "இந்தப் பிள்ளையைப் பாருங்கள். ஒரு பருக்கை வீணாக்குவதில்லை. எல்லாரும் கைதட்டுங்கள்" என்றேன். பள்ளி முழுக்கக் கைதட்டியது. ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளின் வரிசையில் மட்டும் சத்தமில்லை. பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

3. ஜாமெட்ரி பாக்ஸ்

அதற்கு அடுத்த வாரம் வகுப்பாசிரியை லீலா டீச்சர் ஷைனியைக் கையைப் பிடித்து என் அறைக்குக் கூட்டிவந்தார். இன்னொரு கையில் ஷைனியின் ஜாமெட்ரி பாக்ஸ்.

"தொறந்து பாருங்க சார்."

திறந்தேன். நசுங்கிய இட்லி இரண்டு, காகிதத்தில் சுற்றியிருந்தது.

"காம்பஸ் எங்க?"

"வீட்டுல கெடக்கு சார்."

"ஜாமெட்ரி பாக்ஸ்ல இட்லி எதுக்கு?"

"பெரிய டப்பாவ டெஸ்க்குக்கு அடியில கைமாத்த முடியாது சார்."

லீலா டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிப்பதைப் பிள்ளை பார்க்கக் கூடாதே.

"யாருக்கு இது?"

அவள் பாக்ஸை என் கையிலிருந்து வாங்கி மூடினாள்.

"சொல்லு மக்களே. சொன்னா ஒண்ணும் செய்ய மாட்டேன்."

"செய்விய சார். நான் சொல்ல மாட்டேன். சத்தியம் பண்ணியாச்சு." பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு, "என் டப்பா என் டப்பான்னு நீங்கதானே சொன்னிய? என் டப்பாவ நான் யாருக்கு வேணும்னாலும் குடுப்பேன்" என்றாள்.

கணக்கு வாத்தியாரை ஒரு பிள்ளை அவர் போட்ட சமன்பாட்டிலேயே மடக்கிவிட்டது. கோபம் வந்தது. நாளைக்கு அம்மாவைக் கூட்டி வா என்று அனுப்பினேன்.

4. மூடி

அன்று மதியம் ஷெட்டில் நின்று ஷைனியைக் கவனித்தேன். அவள் தின்னவில்லை. வரிசையின் அந்தக் கோடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கோடியில் அஜிஷா இருந்தாள். நான் போனதும் அஜிஷா டப்பாவை மூடினாள்.

"சாப்டாச்சா?"

"ஆச்சு சார்."

"இப்பதானே பெல் அடிச்சுது? டப்பாவக் காட்டு."

அவள் மூடிமேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள். "வேண்டாம் சார்" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். "மறைக்க என்ன இரிக்கு?" என்று கேட்டு, அத்தனை பேர் பார்க்க அவள் கையை விலக்கி மூடியைத் திறந்தேன்.

உள்ளே எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு சம்மந்தி உருண்டை. கூடவே ஒரு ஸ்பூன். வேறொன்றும் இல்லை.

சுற்றி இருந்த பிள்ளைகளைப் பார்த்தேன். ஒருத்தி முகத்திலும் ஆச்சரியம் இல்லை. எல்லாருக்கும் ஆரம்பத்திலிருந்தே தெரியும். தெரியாதவன் நான் ஒருவன்தான்.

பிள்ளைகளைக் கேட்டபோது சொன்னார்கள். வட்டமாக உட்கார்ந்த நாட்களில் அஜிஷா எல்லார் மூடியிலும் சம்மந்தி வைப்பாள். எல்லாரும் அவளுக்குச் சோறு வைப்பார்கள். அவள் சம்மந்திக்கு அடிதடி நடக்கும். அங்கே அவள் கை நீட்டியவள் அல்ல, விளம்பியவள். நான் விதியைப் போட்ட நாளிலிருந்து அந்த உருண்டையை வெறுமனே நக்கித் தின்று, காரம் தாங்காமல் குழாயடிக்கு ஓடியிருக்கிறாள். அந்த ஓட்டத்துக்குத்தான் பள்ளியையே கைதட்ட வைத்தேன்.

5. என் மேசை

மறுநாள் ஷைனியின் அம்மா வந்தார். மகள் ராத்திரி எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். அழுத கண்ணோடு இருந்தார். கையில் இரண்டு டப்பா.

"சார், நான் சம்மந்தியத்தான் கொறை சொன்னேன். ஒரு பிள்ளையப் பட்டினி போடவா சொன்னேன்? இந்தா, இதுல ரெண்டு பேருக்கும் இரிக்கு. ரெண்டும் சேந்து இருந்து தின்னட்டும்."

அன்றைக்கே விதியை எடுத்துவிட்டு அந்த டப்பாவை ஷெட்டுக்கு அனுப்பியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். நான் செய்யவில்லை. போட்ட விதியைச் சில வாரங்களிலேயே எடுப்பது பிரின்சிபாலுக்கு அழகல்ல என்று பட்டது. "ஸ்கூல் பாத்துக்கிடும்மா, நீங்க கவலப்படாதீங்க" என்று சொல்லி இரண்டாவது டப்பாவைத் திருப்பிக் கொடுத்தேன்.

பள்ளி பார்த்துக்கொண்ட விதம் இதுதான். கேன்டீனிலிருந்து ஒரு சாப்பாடு வரவழைத்தேன். பிள்ளைக்குச் சங்கடம் வேண்டாம் என்று என் அறையிலேயே, என் மேசையிலேயே உட்கார்ந்து சாப்பிட வைத்தேன். ஃபீஸ் கட்ட வரும் பெற்றோர், கையெழுத்துக்கு வரும் ஆசிரியர்கள் எல்லாரும் அவளைப் பார்த்து, "பாவம்" என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். நான் எதிரில் உட்கார்ந்து "வெக்கப்படாம தின்னு மக்களே" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சோற்றை மென்று விழுங்க அவள் பட்ட பாட்டை இப்போதும் என்னால் சொல்லிவிட முடியும்.

இரண்டு நாள் அப்படித் தின்றாள். மூன்றாம் நாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

6. பெரிய வீடு

வீட்டைத் தேடிப் போனபோது விலாசம் தவறோ என்று நினைத்தேன். காம்பவுண்டு சுவரோடு மாடி வீடு. கீழே டைல்ஸ். மேலே பூசாத செங்கல், கம்பிகள் துருப்பிடித்து நின்றன. முற்றத்தில் நல்ல காய்ப்புள்ள தென்னைகள். சம்மந்திக்குத் தேங்காய் இங்கிருந்துதான்.

அஜிஷாவின் அம்மா ராணி கைகளைச் சேலைத் தலைப்பில் துடைத்தபடி வந்தார். முந்திரிக்கொட்டை உடைக்கும் அண்டி ஆபீசில் வேலை. விரல் நுனியெல்லாம் எண்ணெய் பட்டுக் கறுத்திருந்தது. கணவர் கல்ஃபில் வேலை செய்த கம்பெனியை மூடிவிட்டார்கள். பாஸ்போர்ட் முதலாளி கையில். அவரால் பணம் அனுப்பவும் முடியாது, வந்துசேரவும் முடியாது. சின்னவன் ஒருவன் உண்டு. ஃபீஸ் கேட்டு நாங்கள் நெருக்கவில்லை. அதையே பெரிய உதவியாக நினைத்து, பிள்ளை என்ன தின்கிறாள் என்று யாரும் யோசிக்கவில்லை.

"ரேஷன் அரிசி வாங்கலாமே?" என்றேன்.

"சீனி கார்டாக்கும் சார், அதுல அரிசி கெடைக்காது. அவிய நல்லா சம்பாதிக்கும்பம் ரேஷன் அரிசி யாருக்கு வேணும்னு அப்பிடி எழுதிக் குடுத்தாச்சு. இப்பம் மாத்தணும்னா எங்க போணும், யார்ட்ட கேக்கணும்னு எனக்கு ஒண்ணும் தெரியாது. இந்த வீட்ட வச்சுக்கிட்டு இல்லைன்னு போய் நிக்கவும் நாணக்கேடு."

"பிள்ளைய அனுப்புங்கம்மா. சாப்பாடு நான் பாத்துக்கிடுதேன்."

அவர் குரலை உயர்த்தவில்லை.

"சோறு வச்சுத் தாறேன்னு நானும் சொன்னவதான் சார். 'அது ராத்திரி தம்பிக்கு இரிக்கட்டும் மம்மி, அங்க நாங்க எல்லாரும் வெளம்பித் திம்போம், எனக்கு சம்மந்தி மட்டும் போதும்'னு சொல்லுவா. நானும் நம்புனேன். அது உண்மையுந்தான். சம்மந்தி குடுத்தா, சோறு தின்னா. அதுல ஒரு கொறவும் இல்ல. இப்பம் உங்க மேசையில இருந்து சும்மா தின்னணும்னு சொல்லுதிய. அவளுக்கு எறங்கல்ல சார்."



"டிசி குடுங்க. கவர்மென்ட் ஸ்கூல்ல சேக்கேன். அங்க எல்லாப் பிள்ளைக்கும் வெளம்புவாங்க. உனக்கு உண்டா இல்லையான்னு யாரும் டப்பாவத் தொறந்து பாக்க மாட்டாங்க."

உள்ளறைக் கதவுக்குப் பின்னால் இரட்டைப் பின்னல் ஒன்று தெரிந்தது. கூப்பிட்டேன். வரவில்லை.

டிசி கொடுத்தேன். அடுத்த திங்கட்கிழமை விதியை எடுத்தேன். ஷெட்டில் பழைய இரைச்சல் திரும்ப வந்தது. அஜிஷா வரவில்லை. ராணியை தாலுகா ஆபீசுக்குக் கூட்டிப்போய் சீனி கார்டை அரிசி கார்டாக மாற்ற ஏற்பாடு செய்தேன். கொஞ்சம் அலைச்சல், அவ்வளவுதான். என்னைப் போல் படித்த, நேரம் உள்ள ஒருவன் எப்போதோ செய்திருக்கக்கூடிய வேலை. அந்த விஷயத்தில் நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றே.

7. பஸ் ஸ்டாப்

இப்போது முழு ஓய்வில் இருக்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் அவ்வப்போது கூப்பிடுகிறார்கள். "சார், நம்ம ஊர்ல ஏழைப் பிள்ளைகளாப் பாத்து ஏதாவது செய்யணும். லிஸ்ட் எடுத்துத் தருவியளா?" என்பார்கள். லிஸ்ட் வேண்டாம் என்பேன். ஒரு வகுப்புக்குச் செய்வதானால் வகுப்பு முழுக்கச் செய்யுங்கள். உள்ளவன் பிள்ளையும் தின்றால் நஷ்டமில்லை, அவன் பக்கத்தில் இருந்து தின்பதால்தான் இல்லாதவள் தின்பாள். பிள்ளைகள் தங்களுக்குள் ஏதாவது ஏற்பாடு வைத்திருந்தால் அதன் குறுக்கே போகாதீர்கள். கார்டு மாற்றம், சர்டிபிகேட், பாஸ்போர்ட் விவகாரம் என்று அலைய ஆளில்லாத வீட்டுக்கு ஒரு நாள் லீவு போட்டு உடன் போங்கள். சிலர் கேட்பார்கள். சிலர் மேடை போட்டுப் பை கொடுத்து, போட்டோ அனுப்புவார்கள்.

போன மாதம் ஒரு வேலையாக இரணியல் போய்விட்டு, திரும்பப் பஸ்ஸுக்குக் காத்து நின்றேன். மணி நாலரை ஆகியிருக்கும். யூனிஃபார்மில் இரண்டு பெண்பிள்ளைகள் வந்து நின்றார்கள். வேறு வேறு பள்ளி யூனிஃபார்ம். ஒருத்தி இன்னொருத்தியின் காதில் ஏதோ சொன்னாள். பிறகு என்னிடம் வந்தார்கள்.

"சார், என்னத் தெரியுதா? ஜாமெட்ரி பாக்ஸ்!" என்றாள் உயரமானவள். ஷைனி. பக்கத்தில் நின்றவள் அஜிஷா என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ப்ளஸ் ஒன் படிக்கிறாளாம். அப்பா ஒருவழியாக ஊர் வந்து சேர்ந்து ஆட்டோ ஓட்டுகிறாராம்.

பல நாள் மனதில் வைத்திருந்ததை அங்கேயே சொன்னேன். "மக்களே, அண்ணைக்கு நான் உன் டப்பாவத் தொறந்தது பெரிய தப்பு. என்ன மன்னிச்சிரு."

அஜிஷா பையை அடுத்த தோளுக்கு மாற்றினாள்.

"டப்பா தொறந்தது போட்டும் சார். எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. அசெம்பிளில என்ன நிறுத்திக் கைதட்டச் சொன்னியளே, அண்ணைக்குத்தான் ரொம்பப் பசிச்சு."

 ஷைனி அவள் கையைப் பிடித்து இழுத்து, "சவத்த விடு ஏட்டி, பஸ் வருது" என்றாள். ஏறுவதற்கு முன் அஜிஷா திரும்பி, வயசானவர்களிடம் எல்லாரும் கேட்பது போல, "சார் சாப்டாச்சா?" என்று கேட்டாள்.

காலையில் இரண்டு இட்லி தின்றதோடு சரி. சுகர்காரன். மதியச் சாப்பாடு தவறக் கூடாதவன்.

"ஆச்சு மக்களே" என்றேன்.

கொஞ்சமும் யோசிக்காமல் வந்த பதில். பஸ் போன பிறகுதான் அது எனக்கே உறைத்தது. உங்களில் ஆசிரியராக இருப்பவர்களுக்கு, ஆகப் போகிறவர்களுக்கு, நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். சாப்பிட்டாயா என்று பிள்ளையிடம் கேட்டுவிட்டு நகராதீர்கள். அந்தக் கேள்விக்கு எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வோம். கேட்காமல், எல்லாரோடும் சேர்த்து, அவள் மூடியிலும் விளம்பிவிடுங்கள். அவள் கொண்டுவந்ததில் கொஞ்சம் நீங்களும் கேட்டு வாங்கித் தின்னுங்கள்.