பிளேடு இல்லாத மெஷின்

அப்பாவின் அடக்க ஆராதனையில் வாழ்க்கைக் குறிப்பு வாசித்தார்கள். எங்கள் சபையில் அது வழக்கம். பிறந்த ஊர், ஞானஸ்நானம், திருமணம், வேலை, பிள்ளைகள், நோய், மறைவு. ஒன்பது வரி. எழுதிக் கொடுத்தது நான். நான் எழுதியது பதினான்கு வரி. நடுவில் ஐந்து வரிகளைச் சபைச் செயலர் நீல மையால் அடித்துவிட்டார்.

"இது வேண்டாம் மக்கா," என்றார். "அந்த சார் முன்வரிசையில இருக்காரு. சாவு வீட்டுல எதுக்கு பழைய கதை?"

அப்பா முன்னறையில் பெட்டிக்குள் இருந்தார். வாதாட எனக்குத் தெம்பில்லை. வாசித்த ஒன்பது வரிகளில் பொய் இல்லை. ஆனால் எங்கள் சபையில் எந்த ஆணுக்கும் அவை பொருந்தும். அடித்த ஐந்து வரிகள் அப்பாவுக்கு மட்டும் பொருந்தும். அவற்றை இங்கே விரித்து எழுதுகிறேன்.

அப்பா பெயர் ஞானதாசன். முடி வெட்டும் தொழில். ஷார்ஜாவில் பதினொரு வருடம். திரும்பி வந்து, தக்கலைக்கு இரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஒரு மேல்நிலைப் பள்ளிக்கு எதிரே சலூன் போட்டார். இரண்டு நாற்காலி. ஒன்றில் வேலை நடக்கும். மற்றதில் யாராவது பேப்பர் படிப்பார்கள்.

கடையில் எழுதி ஒட்டாத இரண்டு விதிகள் இருந்தன. முதலாவது, தானாக வந்து உட்காராத தலையைத் தொடமாட்டார். அழும் குழந்தையை அதன் அப்பா பிடித்து அழுத்தினால், கத்திரியைக் கீழே வைத்துவிடுவார். "நாளைக்கு வாருங்க. இன்னைக்கு அவனுக்கு மனசில்ல." இரண்டாவது, தலையில் கண்டதை வெளியே சொல்லமாட்டார். தையல், பேன், பூச்சிவெட்டு, அடிபட்ட வீக்கம், சாயம், எல்லாம் முடி வெட்டுபவனுக்குத் தெரியும். பெரிய வீட்டு ஆள் யாராவது வந்து போனால் அம்மா ஆசையாகக் கேட்பாள்.

"அவருக்கு தலையில என்ன உண்டும்?"

"முடி."

"அது எனக்குத் தெரியாதா? வேற?"

"ரெண்டு காது."

அம்மா கோபத்தில் குழம்புச் சட்டியை ஓசையோடு வைப்பாள்.

நான் எதிர்ப் பள்ளியில்தான் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்தேன். பள்ளி டைரியின் மூன்றாம் பக்கத்தில் இருபத்திரண்டு விதிகள். பெண்களுக்கு இரட்டைச் சடை, மடித்துக் கட்டிய கறுப்பு ரிப்பன். பூ கூடாது. வளையல் கூடாது. ஆணும் பெண்ணும் தேவையின்றிப் பேசக்கூடாது. ஆண்களுக்கு ஒன்பதாவது விதி: "தலைமுடி ஒழுங்காக வெட்டப்பட்டிருக்க வேண்டும்."

இப்போது நான் ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளுக்குப் பராமரிப்பு அட்டவணை எழுதுகிறேன். போல்ட்டை "நன்றாக முறுக்கவும்" என்று நான் எழுதினால் என் மேலதிகாரி காகிதத்தைத் திருப்பி அனுப்புவார். எவ்வளவு முறுக்க வேண்டும் என்று எண் வேண்டும். ஒன்பதாவது விதியில் எண் இல்லை. அதனால் எண் உடற்பயிற்சி ஆசிரியர் ரெஜின் சாரின் கையில் இருந்தது. காலையில் கேட்டில் நிற்பார். இரண்டு விரலுக்கிடையே முடி சிக்கினால் முன்பக்கம் ஒரு கொத்தை வெட்டி எறிவார். அந்தப் பையன் சாயங்காலம் அப்பாவிடம் வருவான். வெட்டுப்பட்ட இடம் தெரியாமல் சரிசெய்ய அப்பாவுக்கு அரைமணி நேரம் பிடிக்கும்.

ரெஜின் சார் கெட்டவர் இல்லை. ஓட்டப் பந்தயத்துக்குப் பிள்ளைகளைத் தன் பைக்கிலேயே நாகர்கோவிலுக்குக் கூட்டிப் போனவர். முடியில் மட்டும் அவருக்கு ஏதோ இருந்தது.

நான் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது, ஒரு சனிக்கிழமை அவர் கடைக்கு வந்தார்.

"திங்கக்கெழமை அசெம்பிளிக்கு மெஷினோட வாரும். முப்பத்தியோரு பேரு. மொத்தமா முடிய அடிச்சு விட்டிரணும்."

"ஒரு ரூம் தந்தா வாறேன் சார். ஒவ்வொருத்தனா உள்ள வரட்டும்."

"பாப்போம்," என்றார். பட்டியலை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

பட்டியலில் எபிசன் என்று ஒரு பெயர். பதினொன்றாம் வகுப்பு. அவனுக்கு நான்கு வயதில், அவன் அம்மா சோறு வடிக்கும்போது பானை சரிந்து கொதிக்கும் கஞ்சித் தண்ணீர் தலையில் கொட்டியது. வலது காதுக்கு மேல் உள்ளங்கை அளவுக்கு முடி முளைக்காது. தோல் சுருங்கிப் பளபளவென்று கிடக்கும். மேல்முடியை நீளமாக விட்டு அதை மூடுவது அப்பாவின் வேலை. ஆறு வருடமாகச் செய்தார். எபிசனுக்கு அழகு பெரிதில்லை. யாராவது தழும்பைப் பார்த்து "இது எப்படி?" என்று கேட்டால் அவன் அம்மா இரண்டு நாள் சாப்பிடமாட்டாள். அதனால் மூடினான்.

அவன் ரெஜின் சாரிடம் போய், "தனியா ஒரு காரியம் சொல்லணும் சார்," என்றிருக்கிறான். "எல்லாவனும் இதத்தாம்லே சொல்லுகான்," என்று சார் அனுப்பிவிட்டார்.

இதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. பின்னாளில் எபிசன் சொன்னான். எழுதுவதற்கும் அவனிடம் கேட்டேன். "எழுது அக்கா. பேரும் போடு," என்றான்.

திங்கட்கிழமை அப்பா பையோடு வந்தார். துண்டில் சுற்றிய கண்ணாடியும் கொண்டு வந்தார். அறை இல்லை. கொடிமேடையில் ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். எண்ணூறு பேர் வரிசையில் நின்றோம். முப்பத்தியொரு பேரும் மேடைக்குக் கீழே குத்த வைத்திருந்தார்கள். எபிசன் வலது காதைக் கையால் பொத்தியிருந்தான். நான் அதைப் பார்த்தேன். காது வலி என்று நினைத்தேன்.

"ஏட்டி, ஒங்க அப்பாவாக்கும்," என்று ஷைஜா பின்னாலிருந்து கிள்ளினாள்.

"தெரியும். சும்மா கிட."

மேடையில் மைக் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் பேசியது எல்லாருக்கும் கேட்டது.

"ரூம் கேட்டேனே சார்," என்றார் அப்பா.

"பாப்போம்னுதானே சொன்னேன்? நாலு பேரு பாத்தாத்தான் புத்தி வரும். ஆரம்பியும், மணி அடிச்சிரும்."

அப்பா கீழே குனிந்து பையன்களைப் பார்த்தார். "ஆருலே வெட்டணும்னு வந்திருக்கிய? கை தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. பின்வரிசையில் சிரிப்பு.

"ஒருத்தனுக்கும் வேண்டாமாம் சார்."

"அவனுவகிட்ட கேக்கவா உம்மக் கூப்பிட்டேன்?"

"கேட்டுட்டுத்தான் நான் கத்திரி எடுப்பேன்."

"இது உம்ம கடை இல்ல."

"கத்திரி என்னுதாக்கும்."

நான் அப்பா முகத்தைப் பார்க்காமல் நின்றேன். எங்கேயாவது ஓடிவிடலாம் போல இருந்தது.

"அந்த ரூலைக் கொஞ்சம் வாசியுங்க சார்," என்றார் அப்பா. ரெஜின் சார் மனப்பாடமாகச் சொன்னார். "ஒழுங்குன்னா எந்த நம்பரு? மெஷின்ல ஒண்ணு உண்டு, ரெண்டு உண்டு, நாலு உண்டு. ஒழுங்குன்னு ஒரு நம்பர் நான் ஷார்ஜாவுலயும் கண்டதில்ல."

தலைமையாசிரியர் நாற்காலியில் இருந்தபடியே, "ஞானதாசன், குழப்பம் பண்ணாதேயும்," என்றார்.

ரெஜின் சார் பொறுமை இழந்தார். அப்பாவின் பையிலிருந்து மெஷினை எடுத்தார். "நானே அடிக்கேன். எபிசன், நீ மொதல்ல வாலே. ஒனக்குத்தான் காடு மாதிரி கிடக்கு."

எபிசன் மேடை ஏறிப் பெஞ்சில் உட்கார்ந்தான். காதிலிருந்து கையை எடுக்கவில்லை. சார் அந்தக் கையைத் தட்டிவிட்டு, மெஷினை ஓடவிட்டு, கழுத்திலிருந்து மேலே இழுத்தார். ம்ம்ம் என்று சத்தம் வந்தது. முடி விழவில்லை. மறுபடி இழுத்தார். மெஷின் பாடியது. ஒரு முடிகூட விழவில்லை.

அந்த வகை மெஷினில் பிளேடு தனியாகக் கழலும். கட்டைவிரலால் ஒரு அழுத்து போதும். சார் விதியைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அப்பா கையைப் பைக்குள் விட்டிருந்தார்.

எண்ணூறு பேர் சிரித்தார்கள். சில ஆசிரியர்களும்.

"பிளேடு எங்கவே?"

"என் சட்டைப் பையில. மெஷின வேணும்னா வச்சுக்கிடுங்க சார்."

சார் தன் கத்திரியை எடுத்தார், கேட்டில் வைத்திருக்கும் அதே கத்திரி. அப்பா எபிசனின் தோளைத் தொட்டு, "எழும்பு மக்கா," என்றார். அவன் எழுந்ததும் தான் பெஞ்சில் உட்கார்ந்தார். தலையைக் குனிந்து காட்டினார்.

"எனக்கும் காதுக்கு மேலதான் கிடக்கு. மொதல்ல என் தலையில வெட்டுங்க. கொள்ளாம், நல்லாருக்குன்னா பின்ன பிள்ளைகளுக்கு வெட்டுங்க."

ரெஜின் சார் கத்திரியோடு நின்றார். எத்தனையோ தலைகளில் கொத்துக் கொத்தாக வெட்டிய கை. ஐம்பது வயது ஆளின் தலைமேல் அது இறங்கவில்லை. நான் அப்பாவை நேராகப் பார்த்தது அப்போதுதான். அப்பாவின் உச்சியில் முடி குறைந்திருந்தது. அதற்கு முன் நான் அதைக் கவனித்ததில்லை.

மணி அடித்தது. "எல்லாரும் கிளாஸுக்குப் போங்க," என்றார் தலைமையாசிரியர்.

அன்று மாலை அப்பாவைக் கூப்பிட்டு மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். வாசகத்தை அவர்களே சொன்னார்கள்: பள்ளியின் ஒழுங்கைக் குலைத்ததற்கு வருந்துகிறேன்.

"வருந்தல்லியே சார்," என்றாராம் அப்பா.

"உம்ம பிள்ளைக்க டி.சி. நான் எழுதணும். ஓர்மை இருக்கட்டும்," என்றாராம் தலைமையாசிரியர்.

"எழுதுங்க. அவ படிச்சது அவ தலைக்குள்ள இருக்கு. அதுல நானும் கை வைக்க முடியாது, நீங்களும் கை வைக்க முடியாது."

கொடிமேடையில் அதற்குப் பிறகு மெஷின் ஓடவில்லை. வேறு கடைக்காரர்களைக் கேட்டுப் பார்த்தார்கள். "ஞானதாசனே செய்யல்லியா? பின்ன நமக்கெதுக்கு?" என்று ஒதுங்கிவிட்டார்கள். கேட்டில் கொத்து வெட்டுவது தொடர்ந்தது. அதை அப்பாவால் நிறுத்த முடியவில்லை. அடுத்த வருட டைரியில் இருபத்துமூன்றாவது விதி சேர்ந்தது: "பள்ளிக்கு எதிரேயுள்ள கடைகளில் மாணவர்கள் நிற்கக்கூடாது." பையன்கள் பின்பக்கம் கிணற்றடி வழியாக வந்தார்கள். அப்பா பின்கதவுத் தாழ்ப்பாளைக் கழற்றி வைத்தார்.

என் டி.சி. வந்தது. நடத்தை என்ற இடத்தில் என் வகுப்பில் எல்லாருக்கும் "மிக நன்று". எனக்கு "திருப்தி". ஏழு வருடத்தில் ஒருநாள்கூட ரிப்பன் இல்லாமல் போகாதவள் நான்.

"அன்னைக்கு அப்படி எதுக்குப்பா செஞ்சீங்க? காரணமாவது சொல்லுங்க," என்று கத்தினேன்.

"சொல்லுக காரியமில்ல மக்கா."

"என் சர்டிபிகேட்டப்பா!"

"தெரியும்." அவ்வளவுதான் சொன்னார்.

அந்தச் சொல் எனக்கு எந்தக் கல்லூரியையும் மூடவில்லை. ஆனாலும் நான் நான்கு மாதம் அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. விடுதியிலிருந்து அம்மாவுக்கு மட்டும் போன் செய்தேன். ஸ்பீக்கரில் போட்டு அவர் பக்கத்தில் இருந்து கேட்பார் என்று அம்மா பிறகு சொன்னாள். அந்த நான்கு மாதத்தை இப்போது எங்கே போய்க் கேட்பது?

அடுத்த வருடம், பன்னிரண்டாம் வகுப்புக் கடைசித் தேர்வு நாள். நான் விடுமுறையில் இருந்தேன். மதியம் அப்பாவுக்குச் சோறு கொண்டு கடைக்குப் போனேன். எபிசன் முன்வாசல் வழியாக உள்ளே வந்தான். ஹால் டிக்கெட் இன்னும் கையில் இருந்தது. தானே நாற்காலியில் உட்கார்ந்தான்.

"நம்பர் ரெண்டு மாமா. முழுசா."

அப்பா மெஷினை எடுக்கவில்லை. "ஆரு சொன்னா?"

"ஆரும் சொல்லல்ல."

"அம்மைக்குத் தெரியுமா?"

"கேட்டாச்சு. 'எனக்காக நீ எத்தன நாளு மூடுவ? வெட்டிட்டு வா'ன்னு சொல்லிச்சு."

"கண்ணாடியப் பாத்துச் சொல்லு."

எபிசன் கண்ணாடியைப் பார்த்தான். "வெட்டுங்க."

மூன்று முறை கேட்ட பிறகுதான் பிளேடைப் பொருத்தினார். முடி மடியில் விழ விழ, வலது காதுக்கு மேல் அந்தத் தழும்பு மெல்ல வெளியே வந்தது. சோற்றுப் பாத்திரத்தைப் பிடித்தபடி நான் நின்றேன். கொடிமேடையில் அவன் கை எங்கே இருந்தது என்று அப்போது புரிந்தது. அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பாத்திரத்தைத் திறந்து அவருக்குச் சோறு போட்டேன். கடையில் அதற்கு முன் நான் அப்படிச் செய்ததில்லை.

"அக்காக்கு சொல்லல்லியா?" என்றான் எபிசன், கண்ணாடியில் என்னைப் பார்த்து.

"நான் எதுக்கு சொல்லுகேன்? ஒனக்கத் தலையாக்கும்," என்றார் அப்பா.

எபிசன் நேரே பேருந்து நிறுத்தத்துக்குப் போனான். தேர்வு முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போகும் நேரம். அங்கே ரெஜின் சாரும் நின்றார். விதிப்படி பார்த்தால் அந்தப் பள்ளியிலேயே ஒழுங்கான தலை அன்று எபிசனுடையதுதான். சார் பார்த்தார். பிறகு பேருந்து வரும் திசையைப் பார்த்தார். எபிசன் வலது பக்கத்தை அவர் பக்கமாகத் திருப்பி, பேருந்து வரும்வரை நின்றான்.

அடக்கத்துக்கு எபிசனும் வந்திருந்தான். அதே நம்பர் ரெண்டு. ஒன்பது வரிகள் வாசிக்கும்போது ரெஜின் சாருக்குப் பின்வரிசையில் நின்றான்.

டி.சி.யில் அந்தத் "திருப்தி"யை விண்ணப்பித்தால் மாற்றித் தருவதாகப் பள்ளியில் இப்போது இருப்பவர்கள் சொன்னார்கள். நான் விண்ணப்பிக்கவில்லை. அது அப்படியே இருக்கட்டும்.