ராணியின் குளம்புகளும் நிஸ்தாரின் விளக்கங்களும்

குளம்பு வைத்தியம் குனிந்து செய்யும் தொழில். நிமிர்ந்தால் உரிமையாளரின் விளக்கத்தைக் கேட்க வேண்டியிருப்பதால் குனிந்திருப்பதே சுகம்.

நான் கல்முனையில் வசிக்கும் ஓய்வுபெற்ற மிருக வைத்தியர். என் சேவைக்காலம் மாடும் ஆடுமாகக் கழிந்தது. பேரப்பிள்ளைகளைக் கண்ட பிறகுதான் எனக்கொரு குதிரை வாய்த்தது. சாய்ந்தமருது நிஸ்தார் தம் தோணியை விற்று, ராணி என்ற பெண்குதிரையை வாங்கி, கடற்கரையில் பிள்ளைகளுக்குச் சவாரி விடுகிறார். ராணி நடந்தால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும். சொன்னதைக் கேட்காத வாடிக்கையாளரிடம் அகப்பட்ட எவருக்கும், இனி நான் எழுதப்போவது புதிதாக இராது.

அத்தர்

கொட்டிலுக்குள் நுழையும் முன்பே நாற்றம் வரவேற்றது. ஈரச் சாணத்தில் நாள் முழுதும் நின்றதால், குளம்பின் அடியில் முக்கோணமாக இருக்கும் மெத்தென்ற பகுதி அழுகிக் கறுத்த நீர் வடிந்தது. அந்த நாற்றத்தின் மேல் இன்னொரு வாசனையும் மிதந்தது. அழுகலைச் சுரண்டி மருந்திட்டேன். நாள்தோறும் குளம்பைத் தோண்டித் துப்புரவு செய்யவும், தரையை உலர்வாக வைத்திருக்கவும் சொன்னேன். அந்த மற்ற வாசனை என்னவென்று நிஸ்தாரிடம் கேட்டேன்.

"அத்தர், மாமி. மாப்பிள்ள ஊர்வலத்துக்கும் போற குதிர, கால் மணந்தா ஆக்கள் என்னத்த நினைப்பாங்க?"

கடற்குளியல்

துப்புரவு என்ற சொல்லை நிஸ்தார் மனத்தில் பதித்துக்கொண்டார். காலையும் மாலையும் ராணியைக் கடலில் இறக்கி, ஈரம் சொட்டச் சொட்டக் கட்டிவைத்தார். மூன்றாம் வாரம் குதிகாலுக்கு மேலே தோல் பொருக்குத் தட்டி, வெடித்து, இரத்தம் கசிந்தது. கழுவினால் துடைத்து உலர்த்த வேண்டும், உலராத காலைவிடக் கழுவாத காலே மேல் என்று கடிந்துகொண்டேன்.

"கழுவு எண்டும் சொல்றீங்க, நனைக்காத எண்டும் சொல்றீங்க. முதல்ல நீங்க ஒரு முடிவுக்கு வாங்க மாமி."

லாடம்

வெல்டிங் கடைக்காரர் ஒருவர் கம்பியை வளைத்து நான்கு லாடங்கள் செய்து கொடுத்திருந்தார். அறைவதற்குக் கூரை ஆணிகளும் ஆயத்தமாக இருந்தன. மணலில் மட்டும் நடக்கும் குதிரைக்கு லாடம் தேவையில்லை என்று கூறி, ஆணிகளைப் பறிமுதல் செய்தேன்.

"அப்ப படத்தில வாற குதிரையெல்லாம் என்னத்துக்கு டக்கு டக்கெண்டு போகுது?"

புது நெல்

பெருநாளுக்கு இரண்டு நாள் இருக்கையில், சாகாமத்தில் வயல் செய்யும் நிஸ்தாரின் மச்சான் அன்பு மேலிட்டு ஒரு மூடை புது நெல் அனுப்பினார். நிஸ்தார் மூடையை அவிழ்த்து ராணியின் முன்னாலேயே வைத்தார். மறுநாள் அது முன்னங்கால்களை நீட்டி, உடற்பாரத்தைப் பின்னே சாய்த்து, அசையாமல் நின்றது. குளம்புகள் இரண்டும் கொதித்தன. அளவின்றித் தானியம் தின்றால், குளம்புக்குள் எலும்பைப் பிடித்து வைத்திருக்கும் சவ்வு அழன்று வீங்கும். அது விட்டுப்போனால் குதிரை பிறகு நடக்காது.

குழாய் விட்டு வயிற்றுக்கு மருந்து கொடுத்தேன். இரண்டு கால்களையும் ஐஸில் வைக்கச் சொன்னேன். நோவு தணிய ஊசியும் போட்டேன். அந்த ஊசியில் ராணி தலையை நிமிர்த்தவே, நோய் தீர்ந்ததென்று நிஸ்தார் முடிவு செய்தார். நோவு மறைந்ததே தவிர நோய் போகவில்லை, பெருநாளன்று ஒரு பிள்ளை ஏறினாலும் குதிரையைப் புதைக்க இடம் பார்க்கலாம் என்றேன். அவர் குனிந்து குளம்பைத் தொட்டுப் பார்த்தார்.

"வருசத்தில நாலு காசு பாக்கிற நாள் அது ஒண்டுதான். சரி மாமி, ஏத்தல்ல."

பெருநாள்

அந்த வாக்கை நான் நம்பவில்லை. தொழுகை முடிந்ததும் நேரே சாய்ந்தமருதுக்குப் போனேன். கொட்டில் வாசலில் புத்தாடை அணிந்த பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். சொல்லவேண்டிய வசைகளை மனத்தில் ஒழுங்குபடுத்திக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

ராணியின் முதுகு வெறுமையாக இருந்தது. முன்னங்கால்கள் ஐஸ் நிறைந்த இரண்டு மீன்பெட்டிகளில் இருந்தன. தொட்டுப் பார்த்தேன், குளம்புகளின் சூடு இறங்கியிருந்தது. வட்டிலப்ப இனிப்போடு வந்த சிறுமி ஒருத்தியை, சாப்பாடு உள்ளே போகக்கூடாதென்று நிஸ்தாரின் மனைவி வாசலிலேயே மறித்தாள். வெளியே நிற்பவர்கள் எதற்கு என்று நிஸ்தாரிடம் கேட்டேன்.

"ராணிக்கு வருத்தம் பாக்க வந்திரிக்காங்க மாமி. வருத்தக்காரரப் போய்ப் பாக்கிறது நபி காட்டின வழி, சுன்னத்துத்தானே? டிக்கட் மட்டும் நான் வச்சது."

ராணி மூன்று மாதத்தில் நடந்துவிட்டது. நிஸ்தாரைக் குணப்படுத்தும் முயற்சியை நான் கைவிட்டேன்.