ரிப்பேர் செய்த தாளம்

ஒருவருடைய இசையைக் கிரீஸ் வைத்துக் கெடுத்த முட்டாள் நான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அம்பத்தூர் எஸ்டேட் பட்டறை ஒன்றில் தகடு அடிக்கும் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். சொந்தக் காசில் யாரோ எடுத்த சின்னப் படத்துக்கு ஜாஸ் இசை போடுகிறவர், பட்டறைச் சத்தம் தேடி ஒருநாள் வந்தார். என் மெஷின் மூன்று முறை சீராகத் தட்டிவிட்டு, நாலாவது அடியை நொண்டி நொண்டிப் போடும். அதை அரைமணி நேரம் கண்ணை மூடிக் கேட்டார்.

"அடுத்த வாரம் மைக்கோட வர்றேன். இது மேலதான் சாக்ஸபோன் வாசிக்கப் போறேன். படத்தோட கேசட்டுல முதல் பாட்டே இதுதான்" என்றார்.

என் மெஷின் கேசட்டில் வரப்போகிறது. விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டைப் பெருக்குவோமே, அந்தப் புத்திதான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து தேய்ந்த பாகங்களை மாற்றி, பெல்ட்டை இறுக்கி, கிரீஸ் வைத்தேன்.

அவர் வந்து மைக்கை வைத்ததும் ஓட்டினேன். கடிகாரம் போல ஓடியது. அவர் ஹெட்போனைக் கழற்றினார்.

"அந்த நாலாவது அடி எங்க?"

"ரிப்பேர் பண்ட்டேன் சார்" என்றேன், பெருமையாக.

அவர் திட்டவில்லை. இருவரும் மதியம் வரை போல்ட்டுகளைத் தளர்த்திப் பார்த்தோம். பழைய தாளம் திரும்பவில்லை.

கேசட் வந்தது. முதல் பாட்டில் சாக்ஸபோன் மட்டும். நடுநடுவே மெஷினுக்காக விட்ட இடங்களை அவர் காலியாகவே விட்டிருந்தார். அந்த அமைதியெல்லாம் என் கைவேலை.

என்னோடு உட்கார்ந்து கேட்ட பட்டறை ஃபோர்மேன் சொன்னார்: "அஞ்சு வருசமா அத்த சரி பண்ணுன்னு கத்திகினு கீறேன், நீ தொடல. ஒரு ஆளு அப்படியே வேணும்னு கேட்டாரு, அன்னிக்குப் போய் வேலை செஞ்சுகீறே."