பக்கத்துக் கட்டில்காரி திருப்பிக் கொடுத்த மருந்து

எழுபதுகளில் எனக்குக் காசநோய் இரண்டாம் முறையாக வந்தது. தாம்பரத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். மூன்று வயது மகளைக் குன்றத்தூரில் நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு, காசநோய் ஆஸ்பத்திரி வார்டில் போய்ப் படுத்தேன். ஊசி போட்டுப் போட்டு இடுப்பு மரத்துவிட்டது. இருமல் மட்டும் நிற்கவில்லை.

ஒருநாள் டாக்டர் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"புது மருந்து ஒண்ணு வந்திருக்கு டீச்சர். சில பேருக்கு அது, சில பேருக்குப் பழைய மருந்து. யாருக்கு எதுன்னு சீட்டு எடுத்துத்தான் முடிவு பண்ணுவோம். இஷ்டமில்லைன்னா சொல்லிடுங்க."

கையெழுத்துப் போட்டேன். பக்கத்துக் கட்டில்காரி கைநாட்டு வைத்தாள். திரிசூலம் மலையில் கல் உடைத்தவள், என்னைவிட இளையவள்.

எனக்குப் புது மருந்து விழுந்தது. மறுநாளே சிறுநீர் சிவப்பாகப் போக, ரத்தமென்று பயந்து நர்ஸிடம் ஓடினேன். "மருந்தோட கலர்மா அது" என்று சிரித்தார்.

"எனுக்கு எப்பவும் போலத்தான் கீதுக்கா" என்றாள் பக்கத்துக் கட்டில்காரி. அவளுக்குப் பழைய மருந்துதான் விழுந்திருந்தது.

ஒரு மாதத்தில் எனக்கு நல்ல பசி எடுத்தது. அவளோ மெலிந்துகொண்டே போனாள். அவள் எதிரில் இன்னொரு இட்லி கேட்கவே கூச்சமாக இருந்தது. ஒரு காலை, நர்ஸ் முன்னால் விழுங்கியதுபோல் காட்டிவிட்டு, கன்னத்தில் அடக்கிய கேப்சூலை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். பிசுபிசுவென்று ஒட்டியது.

அவள் அதை என் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"நீயே முழுங்குக்கா. உனுக்கு நல்லாச்சின்னாத்தான் இது நல்ல மருந்துன்னு அவங்களுக்குத் தெரியும். அப்பால எனுக்கும் குடுப்பாங்க இல்ல?"

விழுங்கினேன். அதன்பின் ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. கன்னத்தில் சதை பிடித்துத் திரும்பியபோது மகள் அடையாளம் தெரியாமல் நாத்தனார் பின்னால் ஒளிந்தாள். சாயங்காலத்துக்குள் மடிக்கு வந்துவிட்டாள்.

பக்கத்துக் கட்டில்காரிக்கும் பிறகு அந்த மருந்தைக் கொடுத்தார்கள். மறுவருஷம் பரிசோதனைக்குப் போனபோது வரிசையில் எனக்கு முன்னால் நின்றிருந்தாள். உடம்பு நன்றாகத் தேறியிருந்தது; அவள்தானா என்று இரண்டு முறை பார்த்தேன்.

"கல்லு வேலைய வுட்டுட்டேன்கா. மாடம்பாக்கம் கோயிலாண்ட பூ விக்கிறேன். ஒருநா வாயேன்."

அடுத்த ஞாயிறு சர்ச் முடிந்ததும் மகளை அழைத்துக்கொண்டு போனேன்.